உலோகம் வெட்டும் கலையும் எண்ணும்

கல்முனைக் கரையோர ஊர்களிலே கைத்தொழிலுக்குக் குறைவு இருந்ததில்லை. மருதமுனையிலே கைத்தறியும், கடற்கரையிலே மீன்பிடித் தொழிலும், வயல்வெளியை அடுத்த ஊர்களிலே நெல் ஆலைகளும் மக்களின் வாழ்வோடு பிணைந்தவை. இத்தொழில்களுக்கெல்லாம் பின்னே நின்று உதவுவது பட்டறை. ஆலையின் அச்சுத்தண்டு தேய்ந்தாலும், படகு இயந்திரத்தின் உறுப்பொன்று உடைந்தாலும், வயலுக்கு நீரிறைக்கும் பம்பியின் மூடி கோணினாலும், அவை வந்து சேருமிடம் ஏதேனும் ஒரு லேத்துப் பட்டறையேயாகும். அங்கே பல்லாண்டு பழகிய தொழிலாளி, பொறி எழுப்பும் ஓசையைக் கேட்டே அதன் வேகம் தகுந்ததோ தகாததோ என்று சொல்லிவிடுவார். மறுபுறத்திலே, 2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டபின், பாடசாலை மாணவர் பொறித்தொழிலைப் பாடமாகப் பயிலும் வாய்ப்பைப் பெற்றனர். அவர்கள் அதே வேகத்தைச் சூத்திரத்திலும் அட்டவணையிலும் தேடுவர். ஒருவர் செவியால் அறிகிறார். மற்றவர் எண்ணால் அறிகிறார். ஒன்றாயிருந்த இவ்வறிவு எவ்வாறு இரண்டாகப் பிரிந்தது, மீண்டும் ஒன்றாதல் கூடுமோ என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு, அலுமினியத்தை மில்லிங் பொறியில் வெட்டும் முறையின் வரலாறு ஏற்றதோர் உரைகல்லாகும்.

முதலிலே சொற்களின் பொருளைத் தெளிதல் வேண்டும். லேத்திலே வேலைப்பொருள் சுழல, கருவி நின்று வெட்டுகிறது. மில்லிங் பொறியிலோ, பல பற்களையுடைய கட்டர் சுழல, வேலைப்பொருள் மேசையோடு நகர்ந்து அதனிடம் வருகிறது. கட்டரின் விளிம்பு ஒரு நிமிடத்தில் உலோகத்தின்மேற் செல்லும் தூரம் வெட்டு வேகம் எனப்படும். அது மீற்றரில் அளக்கப்படும். மேசை நகரும் அளவு ஊட்டம் எனப்படும். ஊட்டத்தை நிமிடத்துக்கு இத்தனை மில்லிமீற்றர் என்றுங் கூறலாம். ஒவ்வொரு பல்லும் எடுக்கும் சீவலின் பருமன் இவ்வளவு என்றுங் கூறலாம். வேகம் மிகுந்தால் கருவி சூடேறி மழுங்கும். குறைந்தால் வேலை தேங்கும். ஊட்டம் மிகுந்தால் பல் முறியும். குறைந்தால் பல் வெட்டாது உரசும். இவ்விரண்டுக்கும் இடையே தக்க அளவைத் தெரிந்தெடுப்பதே பொறித் தொழிலாளியின் முதற் கடமை.

மில்லிங் பொறியின் தோற்றத்தை அமெரிக்கத் துப்பாக்கித் தொழிற்சாலைகளிலே காணலாம். 1818ஆம் ஆண்டளவில் எலி விற்னி அதனை ஆக்கினார் என்பது நெடுங்காலம் வழங்கிவந்த கூற்று. அக்காலத்திலே வேறு சிலரும் அத்தகைய பொறிகளை ஆக்கினர் என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். 1862ஆம் ஆண்டளவில் பிரவுண் அன் ஷார்ப் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் பிரவுண், முறுக்குத் துளையூசிகளின் பள்ளங்களை வெட்டுதற்கென அனைத்துப் பயன் மில்லிங் பொறியை அமைத்தார். பொறிகள் இவ்வாறு வளர்ந்தபோதிலும், அவற்றை எவ்வேகத்தில் ஓட்டுவது என்பதற்கு எழுதிய நூல் இருக்கவில்லை. தலைமைத் தொழிலாளி அறிந்ததைப் பயிலுநன் அருகில் நின்று கண்டு கற்றான். கொல்லன் உலைக்களத்திலும் தட்டான் பட்டடையிலும் தந்தை மகனுக்குச் சொல்லிவைத்த அறிவு எத்தன்மையதோ, அத்தன்மையதே இதுவும். அவ்வறிவு ஆழமானது, ஆயினும் அதனை உடையவனோடு மறைந்துபோகவும் கூடியது.

இந்நிலையை மாற்றியவர் பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர். இளமையிலே பிலடெல்பியாவில் பொறித்தொழில் பயின்ற இவர், 1878இல் மிட்வேல் உருக்குத் தொழிற்சாலையிலே சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து, விரைவில் மேற்பார்வையாளரானார். எந்தக் கருவி, எந்த வேகம், எந்த ஊட்டம் என்ற மூன்று கேள்விகளுக்கும் தொழிலாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கூறுவதை அவர் கண்டார். உண்மை விடையை அறியும் பொருட்டு 1880இல் சோதனைகளைத் தொடங்கினார். ஆறு மாதத்தில் முடியும் என்று எண்ணித் தொடங்கிய சோதனை இருபத்தாறு ஆண்டுகள் நீண்டது. பதிவு செய்யப்பட்ட சோதனைகள் முப்பதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடைப்பட்டவை. அவற்றிலே 800,000 இறாத்தலுக்கு மேற்பட்ட இரும்பும் உருக்கும் சீவலாயின. செலவு 150,000 முதல் 200,000 டொலர் வரை ஆயிற்று. அதன் பயனை அவர் 1906ஆம் ஆண்டு டிசம்பரிலே, அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் தலைவர் என்ற முறையில், உலோகம் வெட்டுங் கலை பற்றிய பேருரையாக வெளியிட்டார்.

வெட்டு வேகத்தைத் தீர்மானிக்கும் காரணிகள் பன்னிரண்டு என டெய்லர் வகுத்தார். உலோகத்தின் தன்மை, வெட்டின் ஆழம், சீவலின் பருமன், கருவியின் வடிவம், கருவியுருக்கின் சேர்க்கையும் பதமும், குளிரூட்டும் நீர், பொறியின் இழுவலிமை என்பன அவற்றுட் சில. கருவியின் ஆயுளுக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை அவர் ஒரு சமன்பாட்டில் அடக்கினார். வேகத்தை ஆயுளின் ஒரு சிறு அடுக்காற் பெருக்கினால் வருவது மாறாத எண் என்பதே அச்சமன்பாட்டின் பொருள். அவர் கண்ட அடுக்கு எட்டிலொன்று. இதன் விளைவு வியப்புக்குரியது. வேகத்தை இருமடங்காக்கினால் கருவியின் ஆயுள் பாதியாவதில்லை. 256இல் ஒரு பங்காகிவிடுகிறது. வேகத்தைப் பத்து வீதம் மட்டும் கூட்டினாலும் ஆயுள் பாதிக்கும் குறைந்துபோகிறது. அனுபவமுள்ள தொழிலாளி, சற்றே வேகத்தைத் தட்டினாற் கருவி போய்விடும் என்று கூறிவந்தது வெறும் அச்சமன்று. எண் கொண்டு நிறுவத்தக்க உண்மை என்பது அப்போது புலனாயிற்று.

இச்சோதனைகளின் நடுவே, பெத்லஹேம் உருக்குத் தொழிற்சாலையிலே டெய்லரும் மான்செல் வைற்றும் 1898ஆம் ஆண்டளவில் அதிவேக உருக்கைக் கண்டனர். சாதாரண காபன் உருக்கு 250 பாகை செல்சியஸ் அளவிலே தன் கடினத்தை இழக்கத் தொடங்கும்; அதிவேக உருக்கோ 600 பாகை வரையில் நிலைத்து நின்றது. 1900இல் பாரிசு நகரக் கண்காட்சியிலே, கருவியின் முனை செந்நிறமாக ஒளிர, நீலச் சீவல்கள் உதிர, அக்கருவி உருக்கை வெட்டுவதைக் கண்டோர் திகைத்தனர். பன்னிரண்டு காரணிகளையும் தொழிலாளி மனத்தாற் கணித்தல் இயலாதாகையால், கார்ல் பார்த் என்ற கணித வல்லுநர் அவற்றை நழுவுகோல் ஒன்றில் அமைத்துக் கொடுத்தார். இருபத்தாறு ஆண்டு அனுபவம் கைக்குள் அடங்கும் கோலாயிற்று.

ஆனால், அந்தக் கோல் எவர் கையில் இருந்தது என்பதே வரலாற்றின் முக்கிய வினா. டெய்லரின் திட்டத்திலே அது தொழிலாளியின் கைக்குப் போகவில்லை. திட்டமிடும் அலுவலகத்திலே தங்கிற்று. அங்கிருந்து வேகமும் ஊட்டமும் எழுதிய கட்டளைச் சீட்டு பட்டறைக்கு வந்தது. சிந்திப்பது ஒருவர், செய்வது மற்றொருவர் என்றாயிற்று. தொழிலாளரைக் கேட்டும் அவர்களது வேலையைக் கண்டும் தொகுத்த அறிவு, தொழிலாளரிடமிருந்தே விலக்கப்பட்டது. 1911ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், வாட்டர்டவுண் படைக்கலத் தொழிற்சாலையிலே, நிறுத்தற் கடிகாரத்தால் வேலையை அளக்க முற்பட்டபோது, வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அமெரிக்கக் காங்கிரசின் விசேட குழு விசாரணை நடத்திற்று. 1912இல் டெய்லரே அதன்முன் சாட்சியம் அளித்தார். 1915இல் அரசாங்கப் படைக்கல நிலையங்களிலே அக்கடிகாரத்தின் பயன்பாடு சட்டத்தால் தடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே டெய்லரும் காலமானார். எண் பிழையானது என்று தொழிலாளர் கூறினாரல்லர். எண் தமக்கு எதிராக நிற்கிறது என்றே கூறினர்.

டெய்லரின் சோதனைகள் பெரும்பாலும் இரும்பையும் உருக்கையும் பற்றியன. அவை முற்றுப்பெறுமுன்னரே புதியதோர் உலோகம் பட்டறை வாயிலில் வந்து நின்றது. 1886ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் சார்ல்ஸ் மார்ட்டின் ஹோலும், பிரான்சில் போல் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்னோட்டத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டனர். அதற்குமுன் அணிகலனுக்குரிய அரும்பொருளாயிருந்த அலுமினியம், சில ஆண்டுகளுக்குள் பாத்திரமாக அடுக்களை புகுந்தது. தமிழகத்திலே அதனை அறிமுகஞ் செய்தவர், சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் அல்பிரட் சாற்றர்டன். 1898இல் சென்னைக் கலைக் கைத்தொழிற் பள்ளியிலே அவர் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். செம்பும் பித்தளையும் பழகிய கைகள் வெண்ணிற இலேசான உலோகத்தைப் பழகலாயின. 1903இல் அத்தொழில் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அலுமினியத்தை உருக்கிப் பிரிக்கும் ஆலை 1943இல் ஆலுவாய்க்கு அருகே அலுபுரத்திலும், 1965இல் சேலம் மாவட்டத்து மேட்டூரிலும் இயங்கத் தொடங்கியது.

பாத்திரம் அடிப்பதற்கு இணங்கிய இவ்வுலோகம், வெட்டும் பொறியிலே தன் வேறு குணத்தைக் காட்டிற்று. அலுமினியம் மென்மையானது, அதனை வெட்ட வேண்டும் விசை, உருக்குக்கு வேண்டுவதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கேயாம். ஆதலால் அது எளிதென்று புதியவன் எண்ணுவான். உருக்குக்குரிய குறைந்த வேகத்திலே அதனை வெட்டினால், உலோகம் கருவியின் முனையிலே அப்பிக்கொள்ளும். அப்பியது வளர்ந்து, தானே ஒரு மழுங்கிய முனையாகி, வேலைப்பொருளைக் கிழிக்கும். பின்பு உதிர்கையில் மேற்பரப்பிலே வடுவை விட்டுச் செல்லும். பற்களின் இடைவெளி சிறிதாயிருப்பின், சீவல்கள் அங்கே அடைத்து இறுகிக் கட்டரையே முறித்துவிடும். எனவே, அலுமினியத்துக்குக் கூர்மையும் வழுவழுப்பும் மிக்க, பற்கள் குறைந்த, பள்ளம் அகன்ற கட்டரும், உருக்குக்குரியதிலும் பலமடங்கு வேகமும், ஒட்டாது தடுக்க மண்ணெண்ணெய் போன்றதொரு நெய்ப்பும் வேண்டும் என்று அறியப்பட்டது. இதற்கு மாறாக, வார்ப்பு அலுமினியத்திலே சிலிக்கன் மிகுந்திருப்பின், அதன் கடினத் துகள்கள் அரத்தைப் போலக் கருவியைத் தேய்க்கும். அங்கே வேகத்தைக் குறைத்தேயாகவேண்டும். அலுமினியம் என்ற ஒரே பெயரின்கீழ் முரண்பட்ட இரு குணங்கள் இருந்தன.

அலுமினியத்தின் வெப்பக்குணமும் தனிப்பட்டது. அது 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். உருக்கைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். 100 மில்லிமீற்றர் நீளமான துண்டு, வெட்டும்போது 40 பாகை சூடேறினால், ஏறத்தாழ 0.09 மில்லிமீற்றர் நீளும். சூட்டோடு அளந்து சரியென்று எடுத்த துண்டு, ஆறியபின் குறைந்து நிற்கும். பட்டறையிலே அளவுமானி பிழையென்று பலர் சினந்தது, இவ்வுண்மையை அறியாமையாலேயே.

ஆகாயவிமானத்தின் வளர்ச்சி இவ்வாராய்ச்சிக்கு வேகங் கொடுத்தது. 1906இல் ஜெர்மனியிலே அல்பிரட் வில்ம், செம்பும் மக்னீசியமும் சேர்ந்த அலுமினியக் கலவை, சூடாக்கித் தணித்தபின் நாட்கள் செல்லச் செல்ல வன்மையுறுவதைக் கண்டார். டியூரலுமின் எனப் பெயர்பெற்ற அக்கலவையும் அதன் வழிவந்தவையும் விமானத்தின் எலும்பாயின. 1920களின் பிற்பகுதியில் குருப் நிறுவனம் விடியா என்ற தங்குதன் காபைட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிவேக உருக்கு நிலைகுலையும் வெப்பத்திலும் அது கடினங் குன்றாது நின்றது. அலுமினியம் உருகும் வெப்பமோ காபைட்டு தாங்கும் வெப்பத்திலும் குறைவு. ஆகவே, துகள் மிகாத அலுமினியக் கலவையைக் காபைட்டால் வெட்டுமிடத்து, வேகத்துக்கு எல்லை கருவியன்று, பொறியே எல்லையாயிற்று. டெய்லரின் காலத்துக் கேள்வி தலைகீழாயிற்று.

1931இல் கார்ல் சலமன் என்ற ஜெர்மானியர் இன்னும் துணிந்த கருத்தொன்றைக் காப்புரிமையாகப் பதிந்தார். வேகத்தை ஓரளவுக்கு மேற் கூட்டிச் சென்றால், வெட்டுமிடத்து வெப்பம் ஏறுவதற்குப் பதிலாக இறங்கத் தொடங்கும் என்பது அவர் கூற்று. அலுமினியத்திலே நிமிடத்துக்கு 16,500 மீற்றர் வரையுள்ள வேகங்களை அவரது சோதனைகள் தழுவின. அவர் வரைந்த வளைகோடுகளிற் பெரும்பகுதி, சோதனையால் அன்றி ஊகத்தால் நீட்டப்பட்டவை. பின்வந்த ஆய்வாளர், வெப்பம் வேலைப்பொருளின் உருகுநிலையை நெருங்கி அங்கே மட்டுப்படுகிறதேயன்றி, அவர் கூறியவாறு வீழ்வதில்லை என்று கண்டனர். ஆயினும் அவரது துணிவு வீண்போகவில்லை. 1950களின் இறுதியிலே அமெரிக்க லொக்கீட் நிறுவனத்தில் ரொபேட் வோன் நடத்திய ஆராய்ச்சியும், அதன்பின் எழுந்த அதிவேக மில்லிங் முறையும், அவர் எழுப்பிய கேள்வியின் வழியே சென்றவை. பிழையான விடையும் நல்ல கேள்வியைத் தாங்கி வரலாம் என்பதற்கு இது சான்று.

இவற்றோடு, மில்லிங்கின் தனித்தன்மையும் ஆராயப்பட்டது. லேத்திலே கருவி இடையறாது வெட்டும். மில்லிங்கிலே ஒவ்வொரு பல்லும் புகுந்து வெளியேறும். சீவலின் பருமன் கணந்தோறும் மாறும். 1941இல் மார்ட்டெலொற்றி பல் செல்லும் பாதையைக் கணிதத்தால் விளக்கினார். 1940களின் நடுவே சின்சினாற்றி மில்லிங் பொறி நிறுவனத்தைச் சேர்ந்த யூஜின் மேர்ச்சன்ற், சீவல் பிறக்கும் விசையியலை வகுத்தார். 1914இல் முதன்முதல் வெளிவந்த பொறித்தொழிலாளர் கைந்நூல் போன்ற நூல்கள், அலுவலகத்தில் அடைபட்டிருந்த எண்களைப் பட்டறைக்கே கொண்டுவந்தன. இந்தியாவிலே, 1953இல் இந்துஸ்தான் மெசின் டூல்ஸ் நிறுவனமும், 1962இல் மத்திய இயந்திரக் கருவி நிலையமும் பெங்களூரில் நிறுவப்பட்டன. அந்நிலையம் வெளியிட்ட கைந்நூலும், கோயம்புத்தூர் பி. எஸ். ஜி. தொழினுட்பக் கல்லூரியின் வடிவமைப்புத் தரவு நூலும் பொறியியல் மாணவர் பலரின் கையேடுகளாயின. டெய்லர் அலுவலகத்திலே வைத்த கோல், இவ்வாறு நூலாகி எவர் கைக்கும் எட்டுவதாயிற்று.

எண் கைக்கு எட்டியதாற் குறை முற்றும் நீங்கியதோ எனின், இல்லை. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 20 மில்லிமீற்றர் விட்டமும் இரண்டு பற்களும் உடைய அதிவேக உருக்குக் கட்டர் ஒன்றைக் கொள்வோம். மெல்லுருக்குக்கு வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீற்றர் எனின், கட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 முறை சுழலவேண்டும். அலுமினியத்துக்கு 100 மீற்றர் எனின், 1600 முறை சுழலவேண்டும். பல்லொன்றுக்கு 0.1 மில்லிமீற்றர் சீவல் என்றால், மேசை நிமிடத்துக்கு 320 மில்லிமீற்றர் நகரவேண்டும். பட்டறையிலுள்ள பழைய பொறியின் உச்சச் சுழற்சி 1200 ஆயின், வெட்டு வேகம் 75 மீற்றராகும். ஊட்டமும் 240 ஆகக் குறையவேண்டும். இதனை அறியாத மாணவன், நூலிற் கண்ட 320ஐ மட்டும் பற்றிக்கொண்டு, சுழற்சியை 400இலே விட்டால், பல்லொன்றுக்கு 0.4 மில்லிமீற்றர் சுமை ஏறிக் கட்டர் முறியும். அஞ்சிய தொழிலாளி, 1200 சுழற்சியிலே ஊட்டத்தை 60 ஆகக் குறைத்தால், பல்லொன்றுக்கு 0.025 மில்லிமீற்றரே வரும். பல் வெட்டாது உரசும், அலுமினியம் அப்பும். முன்னவன் எண்ணை அறிந்தான், அதன் நிபந்தனையை அறிந்தானல்லன். பின்னவன் நிபந்தனையை உணர்ந்தான், எண்ணை அறிந்தானல்லன். கெட்டது இருவர் கையிலும் ஒரே கட்டரே.

மேசைத் திருகின் தளர்ச்சியை அட்டவணை அறியாது. பல் சுழலும் திசையிலேயே வேலைப்பொருளை ஊட்டுதல் அலுமினியத்துக்கு நல்ல மேற்பரப்பைத் தரும் என்று நூல் கூறும். தளர்ந்த திருகையுடைய பழைய பொறியிலே அவ்வாறு ஊட்டினால், கட்டர் மேசையைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். பொறியின் ஓசை மாறுவதையும், சீவலின் நிறமும் சுருளும் மாறுவதையும் அட்டவணை காணாது. அருகில் நிற்பவனே காண்பான். டெய்லர் வகுத்த பன்னிரண்டு காரணிகளுட் பல, அப்பொறியருகே நிற்பவனுக்கு மட்டுமே தெரிபவை.

கிழக்கிலங்கையிலே பெரும் பொறிகளின் காலம் கல்லோயாத் திட்டத்தோடு தொடங்கிற்று எனலாம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அமெரிக்க நிறுவனமொன்று மண்வாரும் பேரியந்திரங்களைக் கொண்டுவந்து இங்கினியாகலையில் அணையை எழுப்பிற்று. அம்பாறையிலே ஹார்டி தொழினுட்பக் கல்லூரி எழுந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 1990களின் நடுவே ஒலுவிலைத் தளமாகக் கொண்டு தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2012இல் அங்கே பொறியியற் பீடம் அமைந்தது. இவ்வாறு, ஒரு தலைமுறைக்கு முன் கொழும்புக்கோ கட்டுபெத்தைக்கோ சென்று கற்க வேண்டியிருந்த அறிவு, இக்கரையோர மாணவருக்குத் தம் ஊரின் அருகே வந்துவிட்டது. பட்டறையும் பல்கலைக்கழகமும் ஒரே நெடுஞ்சாலையின் ஓரத்திலே நிற்கின்றன. அவற்றிடையே உள்ள தூரம் சில கட்டைகளே. ஆயினும் அத்தூரத்தைக் கடப்போர் மிகச் சிலர்.

கணினி இயக்கும் பொறிகள் பெருகியுள்ள இக்காலத்திலே, வேகமும் ஊட்டமும் கட்டளை எழுத்துகளாகப் பொறிக்குள் பதியப்படுகின்றன. டெய்லரின் கட்டளைச் சீட்டு வேறு வடிவில் மீண்டுள்ளது எனலாம். அதனை எழுதுபவன் பொறியை அறியாதவனாகவும், பொறியை அறிந்தவன் அதனைத் திருத்த உரிமையற்றவனாகவும் இருப்பின், வாட்டர்டவுணில் எழுந்த பிணக்கு ஓசையின்றித் தொடரும். அதன் விலையை முறிந்த கட்டரும் வீணான உலோகமும் செலுத்தும். இருபத்தாறு ஆண்டு உழைப்பால் எண்ணாகிய அறிவு, எண்ணாகவே நின்றுவிடுதற்கு உரியதன்று; மீண்டும் கைக்கு வருதற்கு உரியது. பல்லாண்டு பழகிய தொழிலாளி, தன் செவி அறிந்ததை ஒரு கொப்பியிலே எண்ணாகக் குறித்து வைக்கப் பழகுவாராயின், அவர் அறிவு அவரோடு மறையாது. சூத்திரம் கற்ற மாணவன், அப்பட்டறையிலே ஒரு விடுமுறைக் காலம் நின்று சீவலின் நிறத்தையும் பொறியின் ஓசையையும் கற்பானாயின், அவன் எண் உயிர் பெறும். எண்ணும் செவியும் ஒருவரிடத்தே கூடும் நாளிலேயே உலோகம் வெட்டுங் கலை முழுமை பெறும் என்பது, இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.